தோல் மண்டியிலிருந்து பார்லிமெண்டுக்கு: காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் அவர்கள்

தேர்தல் வருகிறது என்ற பேச்சுக் கிளம்பியதும் நம் கடைத்தெருவில் முதலில் எழும் கேள்வி, நிற்பவர் எந்த ஊர்க்காரர் என்பது. இரண்டாவது கேள்வி, நம்மவரா என்பது. மூன்றாவது கேள்வி ஒன்றும் உண்டு. அதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் கல்லாவில் அமர்ந்திருப்பவர் மனத்தில் அது ஓடிக்கொண்டேயிருக்கும். இவர் வந்தால் நமக்கு என்ன கிடைக்கும் என்பதே அது. தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் ரிங்லெட்டிலும் மளிகை, துணி, சாப்பாட்டுக் கடை என்று நடத்திவரும் சகோதரர்கள் தராசு பிடித்துப் பழகியவர்கள். ஆனால் தராசு சரியாயிருந்தும் படிக்கல் தேய்ந்திருந்தால் நிறுவை தவறித்தான் போகும். பார்லிமெண்டு அபேட்சகரை நிறுக்க ஒரு நல்ல படிக்கல் வேண்டுமானால், நம்மைப் போலவே வியாபாரியாயிருந்த ஒரு பெரியவரின் வாழ்வை எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றிற்று. மர்ஹூம் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் அவர்களே அவர்.

முதலில் நம் மலையின் கதையைச் சற்றுப் பார்த்துவிடுவோம். கேமரன் மலை என்ற பார்லிமெண்டுத் தொகுதியில் முதன் முதலாகத் தேர்தல் நடந்தது 2004-ல். 2004 முதல் 2018 வரை நடந்த நான்கு பொதுத் தேர்தல்களிலும் ம.இ.கா. அபேட்சகர்களே ஜெயித்தார்கள். ஆனால் தொகுதியின் வாக்காளர்களில் இந்தியர் நூற்றுக்குச் சுமார் 15 பேர்தான். மலாய்க்காரரும் சீனரும் போக, ஐந்தில் ஒருவருக்குமேல் ஓராங் அஸ்லி என்னும் பூர்வகுடி மக்கள். 2013-ல் ஜெயித்தவருக்குக் கிடைத்த அதிகப்படி ஓட்டு 462. 2018-ல் 597. அந்த 2018 வெற்றியைத் தேர்தல் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பர் 30-ந் தேதி செல்லாது என்று தள்ளிற்று. பூர்வகுடி வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்பதே காரணம். 2019 ஜனவரி 26-ந் தேதி இடைத்தேர்தல் நடந்தது. பூர்வகுடியைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரியான ரம்லி முகமட் நோர் அவர்கள் 3,238 ஓட்டு அதிகம் பெற்று வென்றார். அந்த மக்களிலிருந்து தேர்தலில் வென்று மக்களவைக்குப் போன முதல் மனிதர் அவரே. 2022-லும் அவரே வென்றார். பிறகு மக்களவையின் துணைச் சபாநாயகராகவும் ஆனார்.

மலைக்காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழும் ஏழை மக்களிடம் பணத்தை நீட்டினார்கள் என்பதைப் படித்தபோது நமக்கு அவமானமாயிருந்தது. கொடுத்த கையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தேர்தல் காலத்தில் அரிசியும் சீனியும் எண்ணெயும் பொட்டலமாகப் போகிறதென்றால், அதை யாரோ ஒரு கடைக்காரர்தானே கட்டித் தரவேண்டும்? 1954-ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டத்தில் பணம் கொடுப்பது மட்டுமல்ல, ஓட்டுக்காக உண்டி கொடுப்பதும் குற்றமே. நிற்க.

இஸ்மாயில் சாகிப் அவர்கள் 1896 ஜூன் 5-ந் தேதி திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார்கள். தகப்பனார் மியாகான் ராவுத்தர் அவர்கள் மார்க்கக் கல்வியுடையவர். தந்தை சிறு வயதிலேயே காலமாகிவிட, தாயாரின் கண்காணிப்பிலேயே வளர்ந்தார்கள். பதின்மூன்றாம் வயதில், அதாவது 1909-ல், பேட்டையில் முஸ்லிம் இளைஞர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள் என்றால் அந்த மனம் எந்தத் திசையில் போயிற்று என்பது விளங்கும். திருநெல்வேலியிலும் திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியிலும் சென்னையிலும் படித்தார்கள். பட்டப் படிப்பு முடியப்போகும் தறுவாயில், 1920-ல், கிலாபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் நாட்டைக் கலக்கின. இஸ்மாயில் சாகிப் அவர்கள் படிப்பைத் துறந்து வெளியே வந்தார்கள். பி.ஏ. என்ற இரண்டெழுத்துக்காக நிலத்தை அடகு வைத்த குடும்பங்கள் இருந்த காலம் அது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

பிறகு வியாபாரம். சென்னையில் தோல் வர்த்தகத்தில் கொடிகட்டிப் பறந்த ஜமால் முகமது அவர்களுடைய ஸ்தாபனத்தில் சேர்ந்து, மேலே வந்தார்கள். 1923-ல் அக்குடும்ப உறவிலேயே திருமணமும் நடந்தது. தோல் வியாபாரத்தை அறியாத இளைஞர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கிராமம் கிராமமாகப் பச்சைத் தோல் வாங்கி, ஆவாரம் பட்டையில் பதனிட்டு, தரம் பிரித்து, கட்டுக் கட்டாக லண்டனுக்குக் கப்பலேற்றுவார்கள். பெரியமேட்டு மண்டியில் தரம் பிரிப்பவன் தவறினால் லண்டனில் வாங்குபவன் பிரித்துப் பார்க்கும் வரை யாருக்கும் தெரியாது. தெரிந்த பிறகு அந்த மார்க்குக்கு மறுபடியும் விலை கிடைக்காது. கண்ணால் காணாத ஒருவன் நம் மார்க்கை நம்பிப் பணம் அனுப்புகிறானே, அந்த நம்பிக்கைதான் முதல். பின்னாளில் தம்மை நேரில் பார்த்தறியாத எத்தனையோ ஆயிரம் பேர் அவர்களுக்கு ஓட்டுப் போட்டதற்கும் இதற்கும் சம்பந்தமுண்டு என்பது எமது எண்ணம்.

அரசியலில் அவர்கள் முஸ்லிம் லீக்கில் சேர்ந்து, சென்னை மாகாண லீகின் தலைவரானார்கள். 1946 தேர்தலில் சென்னைச் சட்டசபையின் முஸ்லிம் தொகுதிகளில் லீகே வெற்றி கொண்டது. காங்கிரஸுக்கு அடுத்த பெரிய கட்சி லீக் ஆனதால், 1946 முதல் 1952 வரை இஸ்மாயில் சாகிப் அவர்களே எதிர்க்கட்சித் தலைவர். பிரகாசம், ஓமந்தூரார், குமாரசாமி ராஜா ஆகிய மூன்று முதன் மந்திரிகளின் காலத்தையும் எதிர் வரிசையிலிருந்து பார்த்தவர்கள் அவர்கள். எதிர்க்கட்சி என்றால் மேஜையைத் தட்டுவது என்று நினைப்பவர்கள் இன்று எங்கும் உண்டு. அவர்களோ அடங்கிய குரலில் விஷயத்தை மட்டும் பேசும் ஆள்.

1947-ல் பெருஞ் சோதனை வந்தது. நாடு இரண்டாயிற்று. பழைய அகில இந்திய முஸ்லிம் லீகின் கவுன்சில் 1947 டிசம்பரில் கராச்சியில் கூடி, லீகை இரண்டாகப் பிரிப்பதென்று தீர்மானித்தது. இந்தியப் பகுதிக்கு இஸ்மாயில் சாகிப் அவர்கள் அமைப்பாளர். அந்த மாதத்திலேயே மௌலானா ஆஸாத் அவர்கள் லக்னோவில் கூட்டிய மாநாட்டில், வகுப்பின் பெயரால் உள்ள கட்சிகளை விட்டுவிடும்படி முஸ்லிம்களுக்கு யோசனை கூறப்பட்டது. வடநாட்டுத் தலைவர்கள் பலர் ஒன்று கராச்சிக்குப் போனார்கள், அல்லது வாயை மூடிக்கொண்டார்கள். லீக் என்ற பெயரைச் சொன்னாலே சந்தேகக் கண்ணோடு பார்த்த காலம். அப்படிப்பட்ட வேளையில், 1948 மார்ச் 10-ந் தேதி, சென்னையில் பின்னர் ராஜாஜி மண்டபம் என்று பெயர் பெற்ற மாளிகையில் ஒரு சிறு கூட்டம் கூடி இந்திய யூனியன் முஸ்லிம் லீகை அமைத்தது. தலைவர் இஸ்மாயில் சாகிப் அவர்கள்.

லீக் இருந்திருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதில் நம் வாசகர்களுக்குள்ளேயே இருவேறு கருத்து இருக்கலாம். ஆஸாத் அவர்களின் வாதத்திலும் நியாயமுண்டு. இங்கே நாம் பார்க்கவேண்டியது வேறு. ஓட்டு வாங்கிய இடத்தைவிட்டு ஓடாதிருப்பது பிரதிநிதியின் முதல் கடமை. கப்பலில் இடமிருந்தும் அவர்கள் ஏறவில்லை. ஜனங்கள் எங்கே இருந்தார்களோ அங்கேயே நின்றார்கள்.

அரசியல் நிர்ணய சபையிலும் அவர்கள் அங்கம் வகித்தார்கள். 1948 நவம்பர் 23-ந் தேதி, எல்லோருக்கும் ஒரே சிவில் சட்டம் என்ற பிரிவு விவாதத்துக்கு வந்தது. எந்த வகுப்பாரும் தங்கள் சொந்தச் சட்டத்தைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தப்படலாகாது என்று அவர்கள் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். திருத்தம் தோற்றது. 1949 மே மாதத்தில் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி நீடிக்க வேண்டுமென்று இன்னொரு திருத்தம், அதுவும் தோற்றது. அந்தச் சபையில் இருந்த முஸ்லிம் அங்கத்தினர்களிலேயே பலர் அதை எதிர்த்தார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் மொழி விவாதம் நடந்தபோது, ஒரு மொழியின் தொன்மையைக் கணக்கிற்கொண்டால் தமிழுக்கு அந்தத் தகுதி உண்டு என்று சபையிலே எடுத்துரைத்தவர்களும் அவர்களே. இந்திக்கும் இந்துஸ்தானிக்கும் இடையே நடந்த சண்டையில் தமிழின் பெயரை ஒரு ராவுத்தர் எழுந்து சொன்னார் என்பது நமக்குப் பெருமையான செய்தி.

தோற்கப் போவது தெரிந்தே ஒருவர் எழுந்து பேசுவது எதற்கு? வியாபாரக் கணக்கில் இது நஷ்டக் கணக்காகத் தோன்றும். ஆனால் பார்லிமெண்டின் நடவடிக்கைக் குறிப்பு என்பது ஒரு பேரேடு. அதில் பதிந்தது அழியாது. தனிச் சட்டத்தைப் பற்றி இந்தியாவில் வாதம் எழும்போதெல்லாம், அன்று அவர்கள் பதிந்த வரவைத்தான் இன்றும் புரட்டிப் பார்க்கிறார்கள். நம் மலைக்கு வருகிற அபேட்சகர் எத்தனை விருந்து போட்டார் என்று கேட்பதைவிட, சபையில் எத்தனை முறை எழுந்தார், என்ன விஷயத்துக்காக எழுந்தார் என்று கேட்பது பொருத்தம். மக்களவையின் நடவடிக்கைக் குறிப்பு வெளியாகிறது, விரும்பியவர் படிக்கலாம்.

1952 முதல் 1958 வரை ராஜ்ய சபையில் இருந்தார்கள். அதன் பிறகு வந்ததுதான் மஞ்சேரி.

மஞ்சேரி கேரளத்தில், மலபாரில் உள்ளது. 1921-ல் மாப்பிள்ளைக் கிளர்ச்சியில் நொந்து நைந்த ஏறநாட்டுப் பகுதி. வயலிலும் தென்னந்தோப்பிலும் உழைக்கும் ஏழை ஜனங்கள் அதிகம். அங்கே 1962-ல் லீகின் அபேட்சகராக நின்றவர் திருநெல்வேலித் தமிழர், சென்னை வியாபாரி, மலையாளம் தாய்மொழியல்லாதவர். ஜெயித்தார்கள். 1967-ல் மறுபடியும், 1971-ல் மூன்றாம் முறையும் ஜெயித்தார்கள். மனுத்தாக்கல் செய்துவிட்டுச் சென்னைக்குப் போய்விடுவார்கள், ஓட்டுக் கேட்க ஊர் ஊராக அலைவதில்லை, காசு செலவழிப்பதில்லை, ஆனாலும் ஜனங்கள் ஓட்டைக் கொண்டுவந்து கொட்டுவார்கள் என்று இன்றும் பெருமையாகச் சொல்லுவார்கள்.

இந்தக் கதையை அப்படியே எடுத்துக்கொண்டால் தவறான பாடத்தைக் கற்றவர்களாவோம். தலைவர் பெயர் ஒன்றே போதும், உள்ளூர் வேலை வேண்டாம் என்று பொருளாகிவிடும். மஞ்சேரியில் நடந்தது வேறு. செய்யிது அப்துர் ரஹ்மான் பாபக்கி தங்ஙள், பாணக்காடு பூக்கோயா தங்ஙள் முதலிய பெரியவர்கள் அங்கே ஜனங்களோடு ஜனங்களாக இருந்தார்கள். வீட்டுச் சண்டை, வரப்புச் சண்டை, கலியாணத் தகராறு என்று எல்லாம் அவர்கள் திண்ணைக்கு வரும். ஊருக்கு ஊர் லீக் கிளை இருந்தது. ஓட்டர் எவரும் தம் குறையைச் சொல்ல நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. அந்த வலை இருந்ததால்தான் வெளியூர்க்காரர் ஒருவரை டில்லிக்கு அனுப்ப முடிந்தது. டில்லியில் பேசுவது ஒருவர் வேலை. குறை கேட்பது பலர் வேலை. 1967-ல் கேரளத்தில் லீகும் சேர்ந்த கூட்டு மந்திரிசபை வந்தபோது சி.எச். முகம்மது கோயா சாகிப் கல்வி மந்திரியானார். 1968-ல் கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகம் வந்தது. 1969 ஜூன் 16-ந் தேதி மலப்புறம் தனி ஜில்லாவாயிற்று. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ஆபீஸ் என்று எல்லாவற்றுக்கும் கோழிக்கோட்டுக்கும் பாலக்காட்டுக்கும் அலைந்த ஜனங்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பது, கனமான வேலை எதற்கும் மலையிறங்கித் தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ போகவேண்டியிருக்கும் நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஆகவே எந்த ஊர்க்காரர் என்ற கேள்வியை நாம் சற்று மாற்றிக் கேட்கவேண்டும். அவர் வெளியூரார் ஆயின், அவர் இல்லாத நாட்களில் இங்கே யார் இருக்கிறார்கள்? 2013 அக்டோபர் 23-ந் தேதி நள்ளிரவுக்குப் பின் அணையின் நீர் திறந்துவிடப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோயிற்றே, அப்படிப்பட்ட இரவில் எந்தக் கதவைத் தட்டுவது? மேலும் இந்நாட்டில் நகராட்சித் தேர்தல்கள் 1965-ல் நிறுத்தப்பட்டவை. மாவட்ட மன்றத்துக்கு உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, அரசாங்கமே நியமிக்கிறது. அதனால் சாக்கடை அடைப்பும் கடை லைசென்சும்கூட பார்லிமெண்டு மெம்பர் தலையிலேயே வந்து விழுகின்றன. அவரும் சாக்கடையைப் பார்த்துக்கொண்டே சபையை மறந்துவிடுகிறார்.

மலேயாவில் இதற்கு நல்ல உதாரணம் இல்லாமலில்லை. மலைக்கு அந்தப் பக்கம் பேராக்கில், சுங்கை சிப்புட் தொகுதியின் துன் சம்பந்தன் அவர்கள், தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்ற காலத்தில், 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகச் சென்று மாதம் பத்து வெள்ளி வீதம் பங்குப் பணம் சேர்த்தார்கள். மந்திரி பதவியில் இருந்துகொண்டே செய்த காரியம் அது. பால்மரத் தோட்டங்களைத் தொழிலாளர் பணத்தாலேயே வாங்கினார்கள். ஓட்டருக்குப் பணம் கொடுத்தவர்களைக் கண்டோம். ஓட்டரிடம் பத்து வெள்ளி வாங்கி அவரை நிலத்துக்குச் சொந்தக்காரராக்கிய பிரதிநிதியும் இங்கே இருந்தார்.

நம் தேயிலைத் தோட்டங்களின் நிலை இன்று வேறு. போ தேயிலைக் கம்பெனி 1929-லும் பாரத் தேயிலை 1933-லும் தொடங்கியபோது கொழுந்து பறித்தவை தமிழ்க் கைகள். நம் முன்னோர் மூட்டை சுமந்து லயத்துக்கு லயம் துணி விற்றதும், சம்பள நாளில் கணக்குத் தீர்த்ததும் அவர்களிடத்தில்தான். அவர்களுடைய பிள்ளைகள் பலர் மலையிறங்கிவிட்டார்கள். இன்று மலையில் கொழுந்து வெட்டுபவர்களில் வங்காள தேசத்தார், நேப்பாளத்தார், இந்தோனேசியர் மிகுதி. இவர்களுக்கு ஓட்டு இல்லை. ஆனால் நம் கடையில் பற்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை நம் பக்கத்தில் நின்று தொழுகிறவர்கள் இவர்களில் எத்தனையோ பேர். ஓட்டில்லாதவனுடைய குடியிருப்பைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் ஓர் அபேட்சகர் வாய் திறக்கிறாரா என்று பார்த்தால், அவருடைய தரம் பாதி விளங்கிவிடும். இஸ்மாயில் சாகிப் அவர்கள் 1946-ல் முஸ்லிம்கள் மட்டும் ஓட்டுப் போட்ட தொகுதி முறையில் சட்டசபைக்குப் போனவர்கள். அந்த முறை நீடிக்கவேண்டுமென்று வாதாடித் தோற்றவர்கள். பிறகு மஞ்சேரியில் முஸ்லிம்களும் இந்துக்களும் ஒரே பெட்டியில் ஓட்டுப் போட்ட பொதுத் தொகுதியில் மூன்று முறை ஜெயித்தார்கள். தோற்ற வாதத்துக்காகக் கோபித்துக்கொண்டு ஒதுங்கிவிடாமல், வந்த சட்டத்துக்குள் நின்று எல்லோருடைய ஓட்டையும் கேட்கத் துணிந்தது அவர்களுடைய பெருந்தன்மை. நூற்றுக்குப் பதினைந்து பேராக இருக்கும் நாமும் பூர்வகுடியைச் சேர்ந்த ஒருவரின் பெயருக்கு நேரே அடையாளமிடும் காலம் வந்திருப்பதை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

1967-ல் சென்னை ராஜ்யத்தில் அண்ணாதுரை அவர்களின் தி.மு.க.வோடு லீக் கூட்டுச் சேர்ந்தது. காங்கிரஸ் தோற்றது, ஆட்சி மாறிற்று. ஜெயித்த அணியின் பெருந்தலைவர்களில் ஒருவராயிருந்தும் இஸ்மாயில் சாகிப் அவர்கள் தமக்கென்று பதவி எதையும் நாடவில்லை. கேரளத்தில் மந்திரிகளை நியமிக்க வேண்டிய இடத்திலும் தாம் டில்லியின் சாதாரண மெம்பராகவே இருந்தார்கள். லட்சக்கணக்கில் பணம் புரண்ட தோல் வர்த்தகத்தில் இருந்தவர்கள், கடைசிவரை எளிய உடையும் எளிய சாப்பாடுமாக வாழ்ந்தார்கள். பதவியால் சம்பாதித்தார் என்று எதிரிகூடச் சொன்னதில்லை. சமுதாயத்தின் வழிகாட்டி என்று பொருள்படும் காயிதே மில்லத் என்னும் பட்டத்தை ஜனங்கள்தான் கொடுத்தார்கள்.

மஞ்சேரியின் அங்கத்தினராக இருக்கும்போதே, 1972 ஏப்ரல் 5-ந் தேதி, தமது 75-ஆம் வயதில் சென்னையில் வபாத்தானார்கள். சென்னையில் உள்ள அரசினர் பெண்கள் கல்லூரி ஒன்று அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1996-ல் இந்திய அரசாங்கம் நூற்றாண்டுத் தபால் தலை வெளியிட்டது. அவர்களுடைய கபுரு திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் இருக்கிறது. சரக்கு எடுக்கச் சென்னைக்குப் போய் மண்ணடியில் தங்குகிற நம் சகோதரர்கள், ஒரு மாலைப் பொழுதில் அங்கே அஸருக்குச் சென்று, ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டு வரலாம்.